கீழிருந்து படிப்பவர்

“அப்பா, இந்தப் பேப்பரை யாருப்பா படிப்பாங்க?”

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அன்று அவளை அச்சகத்துக்கே அழைத்து வந்திருந்தார். அவருடைய கண்ணாடி அறையில் காலியாகக் கிடந்த இரண்டாவது நாற்காலியில் அமர்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவள், மேஜையில் விரித்திருந்த தாளைத் தொட்டுக் கேட்டாள். மருந்துப் பெட்டிக்குள் மாத்திரையோடு எட்டாக மடித்து வைக்கிற தாள் அது. முழுக்கப் பொடி எழுத்து.

“யாரும் படிக்க மாட்டாங்கடா சிட்டு. பெட்டியைப் பிரிச்சதும் தூக்கிப் போட்டுடுவாங்க.”

“அப்போ நீ எதுக்குப் படிக்கிற?”

“அது அப்பாவோட வேலை.”

அவள் கொஞ்ச நேரம் காலை ஆட்டாமல் யோசித்தாள்.

“யாராவது ஒருத்தர் படிச்சிட்டா?”

அவர் சிரித்தார். அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு மறுபடியும் தாளின் மேல் குனிந்துகொண்டார்.

அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவர் தொழில். பதினோரு வருடமாக மருந்துக் கம்பெனிகளின் தாள்களை மட்டுமே பார்த்து வந்தார். மெஷின் ஓட்டுபவர் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. நாளடைவில் கண்ணாடி உதிர்ந்து வெறும் பூதம் மட்டும் மிஞ்சியது. “என்ன பூதம், பாத்தாச்சா? மெஷினை ஓட்டலாமா?” என்று இரைச்சலுக்கு மேலே கத்துவார். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத ஒல்லியான மனிதருக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தவில்லை. அதனாலேயே அது நிலைத்துவிட்டது.

முன்பு அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கம்பெனி அனுப்பிய மூலப்படியை உரக்க வாசிப்பார். இவர் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்ந்து வருவார். ஆட்களைக் குறைத்தபோது வாசிப்பவர் போய்விட்டார். நாற்காலி மட்டும் இருந்தது. தனியாளான பிறகு இவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். தாளின் கடைசி வரியில் மர அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரியாக அதை மேலே தள்ளிக்கொண்டே படிப்பார். மேலிருந்து படித்தால் பொருள் ஆளை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். கண் தவறைத் தாண்டிவிடும். கீழிருந்து படித்தால் பொருள் குறுக்கே வராது, எழுத்து மட்டும் தெரியும். மூலத்தில் இருப்பது அச்சில் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. கம்பெனியின் முகவரியும், மருந்தின் அளவும், ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்பதும் அவருக்கு ஒரே எடை. இப்படி ஆயிரக்கணக்கான தாள்களைப் பார்த்து ‘பிழையில்லை’ என்று முத்திரை குத்தியிருந்தார். ஒன்றில்கூட என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மனைவி கடல் தாண்டி வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தக் குழந்தை பகலில் தூங்கும் ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் போன் பேசக் கிடைக்கும். இரண்டு வருடத்தில் மகளுக்குப் பற்கள் விழுந்து முளைத்தன. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது. ஒவ்வொன்றையும் அவர் போனைத் தூக்கிப் பிடித்து மனைவிக்குக் காட்டினார். காட்டி முடித்துப் போனை வைத்த பிறகு வீட்டில் வருகிற அமைதி இருக்கிறதே, அதை மட்டும் அவர் யாருக்கும் காட்டியதில்லை.

ஆறு வயது முடிந்த குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நேரம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. வரைந்துகொண்டிருந்தவள் கிரேயானைக் கீழே வைத்து, “அப்பா, என் கண்ணுக்குள்ள சூடா இருக்கு” என்றாள். அப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

திங்கள் காலை மருத்துவரிடம் கூட்டம் வாசல்வரை நின்றது. மருத்துவர் மகளின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார்.

“இழுப்பு இருக்குற பொண்ணு இல்ல?”

“ஆமா டாக்டர். குளிர் வந்தா இன்ஹேலர்ல பஃப் அடிக்கிறோம்.”

“இது ஃப்ளூ. சும்மா விட்டாலும் பல பிள்ளைங்களுக்குச் சரியாயிடும். ஆனா இழுப்பு இருக்குற பிள்ளைக்கு அது நெஞ்சுல இறங்கிடும். அதனால கிருமியை அடக்குற மருந்து எழுதியிருக்கேன். எப்போ ஆரம்பிச்சது காய்ச்சல்?”

“நேத்து நாலு மணிக்கு.”

“அப்போ நாளைக்கு நாலு மணிக்குள்ள முதல் வேளை உள்ள போயிருக்கணும். ரெண்டு நாளைக்குள்ள கொடுத்தாதான் இதுக்கு நல்ல பலன். இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. அடுத்த ஆள்!”

அந்த மருந்தால் வேறு ஏதாவது வருமா என்று கேட்க நினைத்ததை அவர் கேட்கவில்லை. அடுத்த ஆள் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

தெருமுனை மருந்துக்கடையில் மருந்து கிடைத்தது. அந்தக் கடையை நடத்துபவரைத் தெருவில் எல்லோரும் மருந்துக்கடை அக்கா என்பார்கள். நாற்பது வயதிருக்கும். தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். எழுத வேண்டுமென்றால் பென்சிலை உருவுவார், கொண்டை அவிழும். பொடியில் தண்ணீர் அளந்து ஊற்றிக் குலுக்கி, ஊசியில்லாத சின்ன சிரிஞ்ச் ஒன்றில் எந்தக் கோடுவரை எடுக்க வேண்டும் என்று பேனாவால் அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

“காலையும் ராத்திரியும். அஞ்சு நாள். சந்தேகம் இருந்தா வந்து கேளுங்க சார். ரொம்பப் பேரு என்கிட்ட கேட்காம பக்கத்து வீட்ல கேக்குறாங்க.”

வீட்டுக்கு வந்து மகளைப் படுக்க வைத்தார். புட்டியை எடுத்தார். பெட்டிக்குள்ளிருந்து தாள் விழுந்தது.

பழக்கம் என்பது பெரிய விஷயம். அவர் தாளை மேஜையில் விரித்து, மகளின் பள்ளி அளவுகோலை எடுத்துக் கடைசி வரியில் வைத்தார். அடியில் பொடியாக ஓர் எண் இருந்தது. அவருடைய அச்சகத்தின் எண். போன வருடம் இந்தத் தாளையும் அவர்தான் பார்த்திருக்கிறார். ஆனால் இப்போது கட்டிலில் மகள் இருமிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, எழுத்துக்குப் பின்னாலிருந்து பொருள் எட்டிப் பார்த்தது.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல்.

அளவுகோலை மேலே தள்ளினார். இல்லாத ஒன்றைக் காணுதல், கேட்டல். இன்னொரு வரி. திடீர்க் குழப்பம், பிதற்றல். இன்னொன்று. வலிப்பு. அதற்கு மேலே அளவுகோல் நகரவில்லை. அவர் கைதான் நகரவில்லை. தாளை மடித்தார். விரித்தார். மறுபடியும் கடைசி வரியிலிருந்து படித்தார். அதே நான்கு வரி.

மனைவியின் ஒரு மணி நேரம் வந்ததும் போன் அடித்தது. அவர் படித்துக் காட்டினார்.

“என்னங்க, இங்க ஒருத்தங்க சொன்னாங்க. அவங்க அக்கா பையன் இந்த மாதிரி ஏதோ மருந்து குடிச்சிட்டு ஜன்னல்கிட்ட ஓடினானாம். நீங்க கொடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“கொடுக்காதீங்க. சாதாரணக் காய்ச்சல் மருந்து கொடுத்துப் பாப்போம். நாளைக்கு இறங்கிடும். நம்ம வீடு மூணாவது மாடிங்க.”

“டாக்டர் நாளைக்கு நாலு மணிக்குள்ளன்னு...”

“டாக்டரா பக்கத்துல உக்காந்திருக்கப் போறாரு? நீங்க ஒரு ஆள்தானே இருக்கீங்க? நீங்க கண் அசந்தா யாருங்க பாத்துப்பாங்க?”

அவர் ஒரு ஆள்தான் இருந்தார்.

காய்ச்சல் மருந்தைக் கொடுத்தார். ஈரத்துணி மாற்றினார். ஜன்னல் கொக்கியைப் போட்டு, போதாது என்று துணிக்கயிற்றால் கட்டினார். மருந்துப் புட்டியைப் பாத்திர அலமாரியின் மேல்தட்டில், யாரோ குற்றவாளியை நிறுத்துவது போல, சுவரைப் பார்த்து வைத்தார். பிறகு கட்டிலின் காலடியில் அமர்ந்து கடவுளிடம் பேசினார். அவர் நீளமாகப் பிரார்த்தனை செய்பவர் அல்ல. “நான் தப்பா எதுவும் பண்ணிடக் கூடாது” என்று மட்டும் சொன்னார். செய்வது மட்டும்தான் தவறாகும், செய்யாமல் இருப்பது தவறாகாது என்று நாம் பல பேர் நம்புகிறோம். அவரும் அப்படித்தான் நம்பினார்.

செவ்வாய்க் காலை காய்ச்சல் இறங்கவில்லை. நூற்று மூன்று. பத்து மணி வாக்கில் மகள் கண்ணைத் திறந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, எழுத்தெல்லாம் நடக்குது.”

“எங்கடா?”

“சுவத்துல. கீழ இருந்து மேல ஏறிப் போகுது பாரு. உன்னைக் கூப்பிடுது.”

சுவரில் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பு.

இல்லாத ஒன்றைக் காணுதல். கடைசியிலிருந்து இரண்டாவது வரி. அவர் பாத்திர அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். புட்டி சுவரைப் பார்த்தபடி அங்கேயே இருந்தது. அதன் மூடியைக்கூட அவர் இன்னும் திறக்கவில்லை.

கொடுக்காத மருந்து எப்படி வேலை செய்யும்?

மருத்துவமனைக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி செய்தார். கிடைக்கவில்லை. எதிர்வீட்டில் பூட்டு, மேல்வீட்டில் இருப்பவர்களின் முகம்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. மகளைப் போர்வையோடு தோளில் போட்டுக்கொண்டு, புட்டியையும் சிரிஞ்சையும் இன்ஹேலரையும் தாளையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, மூன்று மாடியும் இறங்கினார். வேறு எங்கே போவது என்று தெரியாமல், ‘சந்தேகம் இருந்தா வந்து கேளுங்க’ என்று சொன்ன ஒரே இடத்துக்குப் போனார்.

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். மருந்துக்கடை அக்கா அவர் முகத்தைப் பார்த்ததும் கல்லாவின் பலகையைத் தூக்கினார்.

“உள்ள வாங்க. இந்த பெஞ்சுல படுக்க வைங்க.”

“அக்கா, என் இருமல் மருந்து...” என்று வரிசையில் ஒருவர் இழுத்தார்.

“உங்க இருமல் பதினஞ்சு வருஷமா இருக்கு. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கட்டும்.”

மகளின் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தார். மூச்சை எண்ணினார். உதட்டின் நிறத்தைப் பார்த்தார். “விலா உள்ள இழுக்கல. உதடு நல்லா இருக்கு” என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு குனிந்து, “பாப்பா, நான் யாரு?” என்றார்.

“பென்சில் ஆன்ட்டி.”

“சரியாச் சொல்லிட்டா. பஃப் எப்போ அடிச்சீங்க? காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்கு, எவ்வளவு? கிருமி மருந்து எத்தனை வேளை போயிருக்கு?”

முதல் இரண்டுக்கும் அவர் சரியாகப் பதில் சொன்னார். மூன்றாவதற்குப் புட்டியை எடுத்துக் கல்லாவில் வைத்தார். ஒரு சொட்டுக்கூடக் குறையாத புட்டியை அக்கா பார்த்தார், இவரையும் பார்த்தார். திட்டப் போகிறார் என்று இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திட்டவில்லை. போனை எடுத்து, மருத்துவரின் வேறொரு எண்ணுக்கு அடித்தார். அது கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த எண் போலிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், கேட்டுக்கொண்டார், வைத்தார்.

“காய்ச்சல் ஏறினா பிள்ளைங்க இப்படிப் பிதற்றும்னு சொல்றாரு. பஃப் ரெண்டு தடவை அடிச்சிட்டு, இந்த மருந்தை இப்பவே ஆரம்பிக்கச் சொல்றாரு. மூச்சு இழுத்தாலோ, எழுப்பி எழும்பலைன்னாலோ நேரா பெரிய ஆஸ்பத்திரி. ஒரு மணிக்கு அவரே இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுப் போறேன்னாரு. மணி பதினொண்ணு. இன்னும் நேரம் இருக்கு சார். எதுக்குக் கொடுக்கல? சும்மா கேக்குறேன், கோவமில்ல.”

அவர் தாளை நீட்டினார். கடைசி வரியைக் காட்டினார்.

“இத எங்க இருந்து படிச்சீங்க?”

“கீழ இருந்து.”

“கீழ இருந்தா? ஏன்?”

“அது... நான் அப்படித்தான் படிப்பேன். என் வேலையே அது. இந்தத் தாளையும் அச்சுக்கு முன்னாடி நான்தான் பாத்தேன்.”

அக்கா கல்லாவுக்குள்ளிருந்து கைப்பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“அப்போ நீங்கதானா அது! இவ்ளோ பொடி எழுத்துல அடிச்சு என் கண்ணை நொள்ளையாக்கின புண்ணியவான்! தினமும் ஒருத்தரைத் திட்டிக்கிட்டே இருந்தேன், இன்னைக்குத்தான் முகம் கிடைச்சிருக்கு.”

பெஞ்சிலிருந்து மகள் மெல்லச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

“சரி, படிங்க. இந்தத் தடவை மேல இருந்து. உரக்க. எனக்கும் கண்ணு மிச்சம்.”

அவர் படித்தார். “பத்தில் ஒருவருக்கு: வாந்தி, குமட்டல், தலைவலி.” அக்கா தலையாட்டினார். நூற்றில் ஒருவருக்கு வருவது ஒரு பத்தி. ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது ஒரு பத்தி. அதற்கும் கீழே, அவருடைய நான்கு வரிகளுக்குச் சரியாக மேலே, அவர் அளவுகோல் எட்டாமல் நின்ற இடத்தில் இது இருந்தது: “மிக அரிதாகக் கீழ்க்கண்டவை அறியப்பட்டுள்ளன. மருந்து எடுத்துக்கொள்ளாத ஃப்ளூ நோயாளிகளிடமும் இவை காணப்பட்டுள்ளன. குழந்தையை உடனிருந்து கவனிக்கவும். மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லவும்.”

அவர் நிறுத்தினார்.

“பயப்படக் கூடாதுன்னு நான் சொல்லல” என்றார் அக்கா. “பயந்துதான் ஆகணும். மருந்துன்னா விளையாட்டு இல்ல. ஆனா பயத்துலயும் ஒரு வரிசை இருக்கு சார். நான் இந்தக் கல்லாவுல நின்னுக்கிட்டு ஒரு நாளைக்கு நூறு அம்மா அப்பாவுக்குப் பதில் சொல்றேன். எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? இந்தப் பேப்பரை நம்பித்தான் சொல்றேன். எழுதினவங்களை நம்பி, அதைப் பாத்தவங்களை நம்பி.”

மகளுக்கு இரண்டு பஃப் அடித்துவிட்டு அவர் புட்டியின் மூடியைத் திறந்தார். பேனாக் கோடுவரை சிரிஞ்சில் எடுத்தார். அக்கா அவர் கையைப் பிடிக்கவில்லை. சிரிஞ்சின் அடியை மட்டும் ஒரு விரலால் தாங்கிக்கொண்டார்.

“கசக்குது” என்றாள் மகள்.

கொடுத்தாயிற்று. இனி வீட்டுக்குப் போக வேண்டும். அவர் போர்வையை எடுத்தார், மறுபடியும் கீழே வைத்தார். மூன்றாவது மாடி, கயிறு கட்டிய ஜன்னல், தான் ஒரே ஆள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“வீட்ல வேற யாரும் இல்லையா அண்ணா?”

சார் எப்போது அண்ணா ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா வாசலுக்குப் போனார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் மருந்து கொடுத்து அனுப்பினார், இருமல்காரர் உட்பட. பிறகு ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

“கடையை எதுக்கு...”

“எனக்குப் பசிக்குது. சாப்பிடும்போது எவனாவது வந்து தைலம் கேப்பான்.”

மணி பதினொன்றரைகூட ஆகவில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் பசிக்காது. அவருக்கு அது தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. மருந்து உள்ளே போன முதல் இரண்டு மணி நேரத்தை அவரைத் தனியாகக் கழிக்க விடக் கூடாது என்பதற்காக அந்தப் பெண்மணி டிபன் பாக்ஸைத் திறந்து, வேண்டாத சாப்பாட்டை மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டார். நடுவில் யார் வந்து ஷட்டரைத் தட்டினாலும் குனிந்து, “அரை மணி கழிச்சு வாங்க” என்றார். நான்கு தடவை அதே அரை மணி.

“நான் எப்பவும் இங்க தனியாத்தான் சாப்பிடுறேன்” என்றார் ஒருமுறை. “கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு. இன்னைக்குத் துணைக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் பேசவே மாட்டேங்கிறாரு, ஒருத்தி தூங்குறா. இருந்தாலும் பரவாயில்ல.”

பன்னிரண்டரை மணிக்கு மகள் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். பாதி தரையில், பாதி அக்காவின் புடவையில். அவர் பதறிப்போனார்.

“ஐயோ மேடம், மன்னிச்சிடுங்க, நான் துடைக்கிறேன்...”

“விடுங்க அண்ணா. பத்தில் ஒருவருக்கு வாந்தி. முதல் வரிதானே? நம்ம பாப்பா மேல இருந்து ஒழுங்காப் படிச்சிட்டு வர்றா.” துணியைத் தேடிக்கொண்டே, “மருந்து உள்ள போய் ஒரு மணிக்கு மேல ஆச்சு. மறுபடி கொடுக்க வேணாம். டாக்டர்கிட்டயும் கேட்டுக்குவோம்” என்றார்.

ஒரு மணிக்கு மருத்துவர் வந்தார். நெஞ்சைக் கேட்டார். “நாளைக்குக் காட்டுங்க” என்றார். சொன்ன நேரத்தில் வந்தார், இரண்டு நிமிடத்தில் போய்விட்டார். அந்த இரண்டு நிமிடமும் ஒரு கருணைதான்.

மனைவியின் போன் கடையிலேயே வந்தது. அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார்: கொடுக்காமல் இருந்ததை, சுவரில் எழுத்து நடந்ததை, கொடுத்துவிட்டதை. அவள் அழுதாள்.

“இங்க இந்தக் குழந்தைக்கு நான்தாங்க மருந்து கொடுக்குறேன். ஒரு நாள்கூட கை நடுங்கினதில்ல. எழுதி வச்சிருக்கிறதைப் பாத்து ஊத்திடுவேன். நம்ம பிள்ளைன்னதும் கொடுக்காதீங்கன்னு நானே சொல்லிட்டேன் பாருங்க.”

“எனக்கும்தான் கை வரல.”

“இப்போ பக்கத்துல யாரு இருக்கா?”

அவர் ஷட்டரின் பாதி வெளிச்சத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். “ஆள் இருக்கு” என்றார். இரண்டு வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

புதன்கிழமை காய்ச்சல் இறங்கியது. சுவரில் எழுத்துகள் அதற்குப் பிறகு நடக்கவில்லை. ஐந்து நாளும் மருந்து முடிந்த பிறகு, ஆறாவது நாள் அவர் கடைக்குப் போனார். ஒரு புதுப் புடவையை உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தார். அக்கா உறையைத் தொடவில்லை.

“இது என்ன புதுப் பழக்கம்? வாந்தி எடுத்த பிள்ளைங்க வீட்ல இருந்தெல்லாம் புடவை வாங்கினா நான் துணிக்கடைதான் வைக்கணும். போங்கண்ணா. வரிசை நிக்குது.”

அவர் உறையை எடுத்துக்கொண்டு திரும்பினார். கொடுக்க முடியாத நன்றி கனமானது. அந்த உறை அவர் வீட்டு அலமாரியில், மருந்துப் புட்டி நின்ற அதே தட்டில் இருந்தது. மனைவி வந்தால் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, அச்சகத்துக்குக் குழந்தைகளின் காய்ச்சல் மருந்துக்கான தாள் ஒன்று வந்தது. பழைய தாள்தான், கம்பெனி வடிவத்தை மட்டும் மாற்றியிருந்தது. மூலப்படியில் மேலதிகாரிகளின் மூன்று கையெழுத்துகள் இருந்தன.

“பூதம், அவசரம்! சாயங்காலம் ஓட்டியாகணும். மூணு பெரிய தலைங்க கையெழுத்துப் போட்டாச்சு, நீ என்ன புதுசாக் கண்டுபிடிக்கப் போற?”

அவர் வழக்கம்போல அளவுகோலை வைத்துக் கீழிருந்து பார்த்து முடித்தார். மூலத்தில் இருந்ததெல்லாம் அச்சில் இருந்தது. ஓர் எழுத்து, ஒரு புள்ளி பிசகவில்லை. முத்திரையைக் கையில் எடுத்தார்.

எடுத்த முத்திரையை மறுபடியும் மைப்பெட்டியின் மேல் வைத்தார்.

எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தார்கள். மெஷின் நின்றிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கூடம் முழுவதும் காலி. அவர் அளவுகோலை இழுப்பறையில் போட்டு மூடினார். தாளைக் கையில் எடுத்து, இரண்டாவது நாற்காலியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரியிலும் ஒரு குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

இரண்டாவது பத்தியில் அளவு அட்டவணை வந்தது. “ஐந்து கிலோ எடைக்கு இரண்டரை மில்லி. பத்து கிலோ எடைக்கு ஏழரை மில்லி. பதினைந்து கிலோ எடைக்கு ஐந்து மில்லி.”

காலி நாற்காலியிலிருந்து யாரோ காலை ஆட்டாமல் தன்னைப் பார்ப்பது போலிருந்தது அவருக்கு. சின்னக் குழந்தைக்கு அதிகம், பெரிய குழந்தைக்குக் குறைவா? மறுபடியும் வாசித்தார். மூலப்படியைப் பார்த்தார். அங்கேயும் அப்படியே இருந்தது. மூன்று கையெழுத்துகளும் அதன் கீழேதான் இருந்தன.

மூலத்தில் உள்ள தவறு அவர் தவறு ஆகாது. அவர் முத்திரை குத்தினால் யாரும் அவரைக் கேட்க முடியாது. தாள் பெட்டிக்குள் போகும். பெட்டி கடைகளுக்குப் போகும். தெருமுனையில், கைப்பிடி உடைந்த பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை நம்பி, சிரிஞ்சில் ஒருவர் பேனாக் கோடு போடுவார்.

அவர் கேள்விச் சீட்டு ஒன்றை எடுத்தார். அதில் பெயர் எழுதும் இடம் கிடையாது. அச்சகத்தின் பெயரில்தான் போகும். ‘அளவு அட்டவணை, இரண்டாவது, மூன்றாவது வரிகள்: அளவுகள் இடம் மாறியுள்ளனவா? உறுதி செய்யும்வரை அச்சு நிறுத்தப்படுகிறது’ என்று எழுதி, மூலப்படியோடு இணைத்துக் கம்பெனிக்குப் போகும் பையில் போட்டார்.

மாலையில் மெஷின்காரர் திட்டினார். “ஏன்யா நிறுத்தி வச்சிருக்க?” என்றதற்கு, “ஒரு சந்தேகம்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம் புதிய மூலப்படி வந்தது. கூடவே பழைய படியும் கேள்விச் சீட்டும் திரும்பி வந்தன, ஒரு கடிதமோ நன்றியோ இல்லை. இரண்டு எண்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. பத்து கிலோவுக்கு ஐந்து. பதினைந்துக்கு ஏழரை. பழைய படியைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும் என்பது விதி. அவர் அதைத் தன் கேள்விச் சீட்டோடு சேர்த்துப் போட்டார். இரண்டும் ஒன்றாக நூல் நூலாக இறங்கின.

பிறகு புதிய தாளை எடுத்து, யாரும் இல்லாத அறையில், மேலிருந்து கீழாக ஒருமுறை உரக்க வாசித்தார். கடைசி வரி வந்ததும் முத்திரையைக் குத்தினார்.

வீடு திரும்பும் வழியில் மருந்துக்கடையில் வரிசை நின்றது. அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் நிற்காமல் கடந்து போனார்.